மண்டிக்கார அண்ணனின் வெறும் வயிறு

மேட்டுப்பாளையத்தில் வாழைத்தார் ஏலம் விட்டுக்கொண்டிருந்த ஒருவரைப் பற்றி எழுத வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை. பெயரைச் சொல்லமாட்டேன். சொன்னால் கூச்சப்படுவார். ஆள் இப்போது இல்லை என்றாலும் அந்தக் கூச்சத்தின் மேல் எனக்கு மரியாதை உண்டு. எங்களுக்கெல்லாம் அவர் அண்ணன். அவரைவிடப் பத்து வயது மூத்த விவசாயிகளும் அண்ணன் என்றுதான் கூப்பிடுவார்கள். அவரும் எல்லோரையும் 'ஏனுங்ணா' என்பார். மண்டிக்குள் நுழைந்தால் யார் அண்ணன், யார் தம்பி என்று புதிதாக வருகிறவனுக்கு ஒன்றும் விளங்காது.

காரமடைக்கு மேற்கே எனக்குக் கொஞ்சம் நிலம் இருக்கிறது. பாதி நேந்திரன், பாதி கதலி. தார் வெட்டினால் அவருடைய மண்டிக்குத்தான் கொண்டுபோவேன். பக்கத்து மண்டிகளில் விலை ஒன்றும் குறைவாகக் கிடைக்காது. ஆனாலும் இவர் ஏலம் விடுவதைக் கேட்பதற்காகவே போகிறவர்களில் நானும் ஒருவன். தகரக் கூரைக்குக் கீழே தார்களை வரிசையாக நிறுத்தியிருப்பார்கள். வெளியே லாரி பின்னால் வரும் சத்தம், சுமை இறக்குகிறவர்களின் அதட்டல், தமிழும் மலையாளமும் கலந்த பேரம். இத்தனைக்கும் நடுவில் அண்ணன் மைக் இல்லாமல் நிற்பார். தாரைத் தொட்டு, எந்த ஊர்த் தண்ணியில் விளைந்தது, காற்றில் சாய்ந்த மரமா நின்ற மரமா என்று சொல்லிவிட்டுத்தான் விலையை ஆரம்பிப்பார். தாரில் குறை இருந்தால் அதையும் அவரே சொல்லிவிடுவார். வாங்குகிறவன் கண்டுபிடிக்க ஒன்றையும் மிச்சம் வைக்கமாட்டார். என் தார் ஒன்றில் அடிச்சீப்பு வெம்பியிருந்ததை ஊரறியச் சொன்னபோது எனக்கு ஆத்திரம் வந்தது உண்மை. ஆனால் மற்ற தார்கள் நல்ல விலைக்குப் போனதும் ஆத்திரம் போய்விட்டது. என் கோபத்துக்கு எப்போதும் ஆயுசு அவ்வளவுதான்.

ஆனால் நான் எழுத வந்தது குரலைப் பற்றி மட்டுமல்ல, அவருடைய வயிற்றைப் பற்றியும்தான். எங்கள் பக்கத்தில் ஒருவர் கையில் கொடுத்ததைத் திருப்பித் தரக்கூடாது. ஒறம்பரை என்று விருந்தாளி வந்தால் சாப்பிட வைக்காமல் அனுப்பக்கூடாது. வைத்ததைச் சாப்பிடாமல் எழுந்து போகவும் கூடாது. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நாங்கள் அதில் கொஞ்சம் ஏமாற்றுவோம், 'இப்பத்தானுங்க சாப்பிட்டேன்' என்று பொய் சொல்லித் தப்பிப்போம். அண்ணனுக்கு அந்தப் பொய் வராது. தார் கொண்டுவருகிறவர்கள் கூடவே வீட்டிலிருந்து எதையாவது கொண்டுவருவார்கள். பச்சைப்பயறு சுண்டல், எள்ளுருண்டை, வேகவைத்த கடலைக்காய், யார் வீட்டிலோ எருமை கன்று போட்டிருந்தால் சீம்பால். ஏலம் முடிவதற்குள் அண்ணன் ஏழெட்டு வீட்டுக் கைப்பக்குவத்தை ருசி பார்த்திருப்பார். வெறுமனே வாயில் போட்டுக்கொள்வதில்லை. மூடியைத் திறந்து முகர்ந்து, யார் செய்தது என்று கேட்டு, ஏலக்காய் தட்டிப் போட்டதா பொடித்துப் போட்டதா என்று விசாரித்துச் சாப்பிடுவார். அவர் 'வேண்டாம்' என்று சொல்லி நான் கேட்டதில்லை. அந்தச் சொல்லை எங்கே தொலைத்தார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒருமுறை ஒரே காலையில் மூன்று பேர் கொண்டுவந்த பணியாரத்தையும் தின்றுவிட்டு, நாலாவதாக ஒருவர் பணியாரத்தை நீட்டியபோது, அண்ணன் சிரிக்காமல், 'நல்லவேளைங்க, காலையிலிருந்து பணியாரம் நெனப்பாவே இருந்துச்சு' என்றார். கொண்டுவந்தவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஊருக்குப் போனதும் பெண்டாட்டியிடம் அதைச் சொல்லாமல் அவருக்குத் தூக்கம் வந்திருக்காது.

அப்படிப்பட்டவருக்குக் குரல் போக ஆரம்பித்தது. ஒரே நாளில் போகவில்லை. முதலில் கடைசி வரிசையில் நிற்கிறவர்கள் 'ஏனுங்க, கேக்கலீங்க' என்றார்கள். பிறகு நடு வரிசை. வார்த்தைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வந்தன. முகம் அசையாமல் இருந்தது. சிரிப்புத் துணுக்கு சொல்வார், முகத்தில் சிரிப்பு வராது. அதனால் கேட்கிறவனும் சிரிக்கலாமா கூடாதா என்று முழிப்பான். மண்டியின் உள்ளறைக்குப் போகும்போது வாசற்படியில் கால் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவார். யாராவது பார்த்தால் செருப்பைச் சரிசெய்வதுபோலக் குனிவார். ஒரு மைக்கும் ஒலிபெருக்கியும் கொண்டுவந்து கட்டிப் பார்த்தார்கள். தகரக் கூரையில் சத்தம் முட்டித் திரும்பி, இருந்த கொஞ்சமும் விளங்காமல் போயிற்று.

ஏலக்காரனுக்குக் குரல் போனால் அதோடு நாணயமும் போகும் என்பது எனக்கு அப்போதுதான் தெரிந்தது. நேந்திரன் வாங்க வரும் ஒரு பெரிய வியாபாரி, கண்டிப்பான ஆள், ஒருநாள் எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார்: 'விலையை வாய்க்குள்ளயே முழுங்கி, வேணுங்கறவங்களுக்கு முடிச்சுக் குடுக்கறீங்க.' அந்த இடத்தில் அண்ணன் தனக்கு உடம்பு சரியில்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். சொல்லவில்லை. முடிந்த ஏலத்தை ரத்துசெய்து, அதே தார்களை முதலிலிருந்து கூவினார். கழுத்து நரம்பு புடைக்கக் கூவியும் பாதிப் பேருக்குத்தான் கேட்டது.

அன்று ஏலம் முடிந்த பிறகு அண்ணன் என் வண்டியைச் சுற்றிக்கொண்டு வந்து, கோயமுத்தூர் வரைக்கும் போகவேண்டும், வரமுடியுமா என்று கேட்டார். அவருடைய மனைவி என் மனைவிக்குத் தூரத்து உறவு. அக்கா என்றுதான் நான் கூப்பிடுவேன். மகன் வெளிநாட்டில். மண்டி ஆட்கள் யாருக்கும் தெரியக்கூடாது என்பதால் என்னைக் கேட்டிருக்கிறார். அண்ணனுக்கு நடுக்குவாதம் வந்து வெகுகாலம் ஆகிவிட்டதென்றும், நரம்பு டாக்டரிடம் மாத்திரை வாங்கிச் சாப்பிடுகிறார் என்றும், மாத்திரை கேட்கவில்லை என்றும் அக்கா வழியில் சொன்னார். கை நடுங்காத நடுக்குவாதம். அதனால்தான் யாரும் சந்தேகப்படவில்லை. உடம்பு இறுகிக்கொள்ளும், குரல் அமுங்கிக்கொள்ளும், கால் தரையில் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான். அவ்வளவுதான் என்று நான் எழுதுகிறேன், பட்டவருக்குத்தானே தெரியும்.

டாக்டர் நிதானமான பெண்மணி. மாத்திரையைச் சரியாகப் போடுகிறீர்களா என்று கேட்டார். அண்ணன் உடனே, 'நீங்க சொன்னபடிதானுங்க' என்றார். டாக்டர் எப்படிச் சொன்னார் என்பதே அவருக்கு நினைவில்லை என்று பின்னால் தெரிந்தது. பெரியவர்கள் கேட்டால் அவர்கள் மனம் கோணாமல் பதில் சொல்ல வேண்டும், அது எங்கள் ஊர்ப் பாடம். விருந்துக்குக் கூப்பிட்டவரிடம் சொல்வதையே டாக்டரிடமும் சொல்வோம். டாக்டர் மாத்திரையின் அளவைக் கூட்டுவதற்குப் பேனாவை எடுத்துவிட்டார். அப்போதுதான் அக்கா, தன் பங்கையும் சொல்லிவிட வேண்டும் என்று முன்னால் நகர்ந்து உட்கார்ந்தார்.

'ஒரு நாளும் வெறும் வயித்துல குடுக்கறதில்லீங்கம்மா. மாத்தரை சூடில்லீங்களா? கொள்ளுப்பருப்புச் சோறு, ரெண்டு முட்டை, அப்புறம் ஒரு சொம்புப் பாலு. பால்லதானுங்க மாத்தரையே முழுங்குவாரு.'

பாராட்டை எதிர்பார்த்துத்தான் சொன்னார். நானும் மனதுக்குள் பாராட்டினேன். டாக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டார். கோபப்படவில்லை. பருப்பிலும் பாலிலும் முட்டையிலும் இருக்கிற சத்து குடலில் எந்த வழியாக ரத்தத்துக்குப் போகிறதோ, அதே வழியாகத்தான் இந்த மாத்திரையும் போக வேண்டும் என்றார். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் சத்து முந்திக்கொள்ளும், மாத்திரை பின்தங்கிவிடும். போதாததற்கு, வயிறு நிறையச் சாப்பிட்ட பிறகு போட்டால் மாத்திரை குடலுக்கு இறங்குவதற்கே நேரமாகும். சாப்பாட்டுக்கு வெகுமுன்னால் பச்சைத் தண்ணீரில் போட வேண்டும் என்று முதல் நாளே சொல்லியிருந்தாராம். இவ்வளவு நாளாக அண்ணன் விழுங்கியதில் பாதி மாத்திரை அவருக்குச் சேரவே இல்லை.

அக்காவின் முகம் செத்துவிட்டது. உடம்பு இளைக்கிறதே என்று முட்டையை இரண்டாக்கியதும் பாலைச் சொம்பாக்கியதும் அவர்தான். அண்ணன் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு டாக்டர் பக்கம் மெல்லச் சாய்ந்தார். வீட்டில் நல்லபடியாகத்தான் கவனிக்கிறார்கள், எனக்குத்தான் நாக்கு நீளம், கேட்டுக் கேட்டு வாங்கித் தின்றேன் என்று, இருந்த கொஞ்சக் குரலில் பழியைத் தன் மேல் போட்டுக்கொண்டார். பொய் சொல்ல வராது என்று எழுதினேனே, இந்த மாதிரிப் பொய் மட்டும் வரும்.

திரும்பி வரும்போது துடியலூர் தாண்டியதும் அண்ணனே ஆரம்பித்தார்.

'நம்ம மண்டி மாதிரித்தானுங்க. இருக்கறது ஒரே கேட்டு. பருப்பு லோடு முன்னால போயிருச்சுன்னா மாத்தரை வண்டி ரோட்டுலதான் நிக்கோணும்.'

அக்கா அப்போதுதான் சிரித்தார். எனக்கும் இந்த விஷயம் அன்றைக்குத்தான் மண்டையில் ஏறியது. காபியைச் சாப்பாட்டுக் கணக்கில் சேர்க்காத ஊர் எங்களுடையது. என் மனைவி தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடச் சொன்னார்கள் என்று, டிகாக்ஷன் காபியோடு போட்டுக்கொண்டிருந்தாள். ஊருக்கே வெறும் வயிற்றைப் பரிந்துரைக்கலாம் என்று கிளம்பிய என்னை டாக்டர் அடுத்த முறை பிடித்து நிறுத்தினார். மாத்திரைக்கு மாத்திரை வேறுபடும், சிலதைச் சாப்பாட்டோடுதான் போட வேண்டும், உங்கள் சர்க்கரை மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு எங்கேயாவது விழுந்து வைக்காதீர்கள் என்றார். வைத்தியம் பார்க்கும் ஆசையை அத்தோடு விட்டேன்.

அண்ணன் தன் நாளை அப்படியே தலைகீழாக மாற்றிக்கொண்டார். மனிதனால் இது முடியுமா என்று நான் பிரமித்தது இங்கேதான். பகல் முழுக்கக் கஞ்சித் தண்ணி, வேகவைத்த காய், பழம். பருப்பு, பால், தயிர், முட்டை எல்லாம் பொழுது சாய்ந்த பிறகுதான். டாக்டரும் அவருக்குத் தகுந்தபடி கணக்குப் போட்டு அதையே சொன்னார். மாத்திரை தண்ணீரோடு மட்டும். சில வாரங்களில் குரல் திரும்பியது. முழுசாக இல்லை, முக்கால்வாசி. காலையில் முதல் மாத்திரை பிடித்ததும் அவர் நிமிர்வதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். தோள் இறங்கும், விரல்கள் பிரியும், முகத்தில் சிரிப்பு வரும். பிறகு எழுந்து போய்த் தார் முன்னால் நிற்பார். அதற்குப் பின் மாத்திரையின் தெம்பு நிற்கிற நேரம் கொஞ்சம்தான். அந்த நேரத்துக்குள் ஏலத்தை முடித்துவிடுவார்.

சரி, கொண்டுவந்து கொடுக்கிறவர்களை என்ன செய்தார்? அதுதான் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம். யாரிடமும் 'வேண்டாம்' சொல்லவில்லை. நோயையும் சொல்லவில்லை. முன்போலவே இரண்டு கையாலும் வாங்கினார், திறந்து முகர்ந்தார், ஏலக்காய் விசாரித்தார். 'அவசரமாத் திங்கற பண்டமாங்க இது? ஊட்டுக்குக் கொண்டுபோயி உக்காந்து திங்கறனுங்க' என்று ஓரமாக வைத்தார். கொடுத்தவர்களுக்கு அது இன்னும் பெருமையாகிவிட்டது. தள்ளிவிடுவதற்குத்தான் இந்தத் தந்திரம் என்று நான் நினைத்தேன். ஒருநாள் சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போனபோது பார்த்தேன், காலையில் வந்த அத்தனையும் தட்டில் இருந்தது. காய்ந்துபோன பணியாரம், ஆறிப்போன சுண்டல், கல்லான எள்ளுருண்டை. ஒவ்வொன்றாக எடுத்து, யார் வீட்டினது என்று அக்காவிடம் சொல்லிச் சொல்லித் தின்றுகொண்டிருந்தார். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றுகிறார்! அடுத்த ஏலத்தில் கொடுத்தவரைப் பார்த்ததும், உப்பு ஒரு கல் தூக்கல் என்று சொல்ல வேண்டுமே, தின்னாமல் எப்படிச் சொல்வது? ஊருக்கெல்லாம் சூடான பண்டம், அவருக்கு மட்டும் ஆறினது.

இப்போது அந்த மழை நாளைச் சொல்ல வேண்டும். மலையிலும் கீழேயும் நல்ல மழை. வண்டிகள் தாமதம். ஏலம் வெகுநேரம் தள்ளித்தான் ஆரம்பித்தது. காலையில் போட்ட மாத்திரையின் தெம்பு தீர்ந்து அண்ணனின் குரல் இறங்கத் தொடங்கியபோது இன்னும் ஒரு வரிசை பாக்கியிருந்தது. கொஞ்சம் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று உள்ளறைக்கு வந்து அடுத்த மாத்திரையை விழுங்கினார். அது பிடிப்பதற்குக் கொஞ்ச நேரம் ஆகும். அதுவரை வயிறு காலியாக இருக்க வேண்டும். நான் வாசலில் நின்று மற்றவர்களிடம் மழையைப் பற்றிப் பேசி நேரத்தை ஓட்டிக்கொண்டிருந்தேன்.

அண்ணன் திரும்பி வந்தபோது வரிசையின் ஓரத்தில் ஒரு பெண் மூடி போட்ட தூக்குப்போசியோடு நின்றிருந்தாள். சிறுமுகைப் பக்கம். அவளுடைய புருஷன் எங்கள் எல்லோருக்கும் பழக்கம். தார் கொண்டுவரும் நாளெல்லாம் அண்ணனுக்கு ஒரு போசி கம்மங்கூழ், கெட்டித்தயிர் விட்டுக் கரைத்தது, கொண்டுவருவான். இந்த மாத்திரைக் கணக்கெல்லாம் வருவதற்கு முன்னால் அண்ணன் அங்கேயே நின்று குடித்துப் போசியைக் கொடுப்பார். அவன் மாரடைப்பில் போய்ச் சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. அவன் வைத்துவிட்டுப் போன மரங்களில் முதல் வெட்டு அது. அவள் முதல்முறையாகத் தனியாக மண்டிக்கு வந்திருக்கிறாள். அவளுடைய தார்கள்தான் கடைசி வரிசையில் பாக்கி.

அவள் போசியை நீட்டினாள். அண்ணன் வழக்கம்போல இரண்டு கையாலும் வாங்கி, மூடியைத் திறந்து முகர்ந்து, 'அப்புறமேலுக்கு உக்காந்து குடிக்கறனுங்க அம்மணி' என்றார். மற்ற எல்லோரிடமும் செல்லுபடியான அந்த வார்த்தை அவளிடம் செல்லவில்லை. அவள் கை நீட்டிப் போசியைத் திரும்ப வாங்கிக்கொண்டாள்.

'வருசம் திரும்பாத ஊட்டுதுங்க. நாந்தான் ரோசனையில்லாம கொண்டாந்துட்டேன். மனசுல வெச்சுக்காதீங்க.'

சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நின்ற எல்லோருக்கும் கேட்டது. யாரும் அவளை மறுத்துப் பேசவில்லை. சாவு விழுந்த வீட்டிலிருந்து, அதுவும் தாலியறுத்தவள் கையால், நல்ல காரியத்துக்கு நடுவில் வாங்கிக் குடிக்கலாமா என்கிற யோசனை அங்கே பல பேருக்கு இருந்தது. அவளுக்கும் அது தெரியும். அவன் கொண்டுவந்தபோது அங்கேயே நின்று குடித்த மனிதர், தான் கொண்டுவந்ததை ஓரமாக வைக்கப்போகிறார் என்றால் அவள் வேறு எதை நினைப்பாள்?

அண்ணன் அவளையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு எங்கள் பக்கம் திரும்பிக் கையை உயர்த்தினார். குரல் அமுங்கித்தான் வந்தது. ஆட்கள் நெருங்கி வந்தார்கள். தனக்கு நடுக்குவாதம் என்றார். குரல் போவதும் கால் ஒட்டிக்கொள்வதும் அதனால்தான் என்றார். விலையை விழுங்கியதாகச் சொன்ன வியாபாரியும் அங்கேதான் நின்றார். அவர் பக்கம் அண்ணன் பார்க்கவே இல்லை. அவமானப்பட்ட அன்றைக்கு வாயைத் திறக்காத மனிதர், ஒரு பெண் போசியை மூடிக்கொண்டதற்காக அத்தனை நாள் மறைத்ததையும் அவிழ்த்துக் கொட்டினார்.

அப்புறம் அவளிடம் சொன்னார்:

'மாத்தரை இப்பத்தானுங்க போட்டிருக்கேன் அம்மணி. இதுமேல தயிருக்கூழைக் குடிச்சா மாத்தரை பிடிக்காது. உங்க தாரைக் கூவ எனக்குச் சத்தம் வராது. மொதல்ல தாரு. அப்புறம் கூழு. அதுவரைக்கும் போசிய நீங்களே வெச்சிருங்க.'

மாத்திரை பிடிக்கிறவரை மண்டியே காத்திருந்தது. அவசரம் அவசரம் என்று பறக்கிற வியாபாரிகள், மழையில் லோடு ஏற்ற வேண்டியவர்கள், ஒருவர்கூட நகரவில்லை. அந்தப் பெரிய வியாபாரி தன் டிரைவரிடம் லாரியின் எஞ்சினை நிறுத்தச் சொன்னார். தகரத்தில் மழை பெய்வது மட்டும் கேட்டது. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவள் போசியை இடுப்போடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

பிறகு அவருடைய தோள் இறங்கியது. எழுந்தார். முதல் தாரைத் தொட்டார். இது இன்னார் நட்ட மரம் என்று செத்துப்போனவனின் பெயரைச் சொல்லித் தொடங்கினார் பாருங்கள், அந்தக் குரல் பழைய குரல். கடைசி வரிசையைத் தாண்டி ரோட்டுக்கே கேட்டிருக்கும். எந்தத் தாரில் காய் சிறுத்திருக்கிறது என்பதையும் மறைக்கவில்லை. அவளுக்காக விலையை ஏற்றவும் இல்லை, யாரையும் கெஞ்சவும் இல்லை. என்ன நியாயமோ அந்த விலைக்குப் போயிற்று. நியாயமான விலையே நல்ல விலையாகத்தான் இருந்தது.

ஏலம் முடிந்ததும் கையை நீட்டினார். அவள் தயங்கியபடி போசியைக் கொடுத்தாள். அத்தனை பேர் பார்க்க, நின்றபடியே அண்ணாந்து குடித்தார். நடுவில் நிறுத்தி, தயிர் எருமைத் தயிரா என்று விசாரித்தார். ஆமாம் என்றாள். மறுபடி குடித்தார். பெரிய போசி, ஒரு ஆள் வயிறு புடைக்கக் குடிக்கிற அளவு. அடிவரைக்கும் குடித்துவிட்டு, கழுவி, வெறும் போசியாகக் கொடுக்கக்கூடாது என்று உள்ளே இரண்டு கதலிப் பழம் போட்டுக் கொடுத்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மழைக்குத் தலையில் சாக்கைப் போட்டபடி பஸ்ஸுக்கு நடந்தாள். போகும்போது மண்டி ஆட்கள் இரண்டு பேர் அவளிடம் ஊர் விசாரித்தார்கள். அவளும் நின்று பதில் சொன்னாள்.

அடுத்த மாத்திரை நேரத்துக்குப் போட்டார். அது எங்கே போகும்? அந்தக் கூழுக்குப் பின்னால் ரோட்டில்தான் நின்றது. மத்தியானம் ஆக ஆக அண்ணன் நாற்காலியிலேயே இறுகிப்போனார். வாசல் பக்கம் பார்த்தபடி முகம் நின்றுவிட்டது. கை தொடையின் மேல் இருந்தது, அதை நகர்த்த முடியவில்லை. லாரிகள் எல்லாம் கிளம்பிவிட்டன. தரையைக் கழுவிவிட்டார்கள். நான் அவரை விட்டுப் போகவில்லை. எனக்கு மனசு ஆறவில்லை.

'ரெண்டு வாய் குடிச்சுப்போட்டு மிச்சத்தைப் பொழுதோட குடிச்சிருக்கலாமில்லீங்ணா?' என்று கேட்டேன்.

உதடு அசைந்தது. குனிந்து அவர் வாய்க்குப் பக்கத்தில் காதை வைத்தேன். ஒவ்வொரு வார்த்தையாக வந்தது.

'எல்லாரும் பாத்துட்டிருந்தாங்க. மிச்சம் வெச்சிருந்தா அதையும் பாத்திருப்பாங்க.' நிறுத்தி மூச்சு வாங்கிக்கொண்டார். 'இனி அந்த அம்மணி எந்த ஊட்டுக்கு வேணும்னாலும் போசியத் தூக்கிட்டுப் போலாமுங்க.'

பக்கத்தில் இன்னொரு நாற்காலி இருந்தது. அவருக்குச் சமமாக அதில் உட்கார எனக்கு மனம் வரவில்லை. ஈரத் தரையிலேயே உட்கார்ந்துகொண்டேன். இவ்வளவு பெரிய மனிதர் நம்மைப் போய் அண்ணா என்று கூப்பிடுகிறாரே என்று இருந்தது.

பொழுது சாய்கிற நேரத்துக்கு அக்கா ஆட்டோவில் வந்து இறங்கினார். யாரோ போனில் சொல்லியிருக்கிறார்கள். அண்ணனுடைய மாத்திரையையும் சாப்பாட்டையும் கண்ணும் கருத்துமாகக் காத்துவந்தவர். என்ன திட்டு விழப்போகிறதோ என்று நான் எழுந்து ஒதுங்கினேன். அக்கா நேரே வந்து அண்ணனின் முகத்தைப் பார்த்தார். மீசையில் கூழ் காய்ந்து வெள்ளையாக ஒட்டியிருந்தது.

'யாரு ஊட்டுதுங்க?' என்று கேட்டார்.

அண்ணன் அந்தச் செத்துப்போனவனின் பெயரைச் சொன்னார். சொல்வதற்கு நேரம் ஆயிற்று. அந்தப் பெயர் முழுதும் வருகிறவரை அக்கா காத்திருந்து கேட்டார். பிறகு முந்தானையை நனைத்து அவருடைய மீசையைத் துடைத்துவிட்டார். பக்கத்து நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து, அவருடைய அசையாத கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

'மெதுவா எந்திரிக்கலாமுங்க,' என்றார். 'ஊட்டுல ஒரு அவசரமும் இல்லை.'